ஒரே பிட்டு, வேறு பிட்டு: ஓட்டிசம் உள்ள பிள்ளையும் வீட்டுச் சாப்பாடும்

வன்னியில், இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்யும் குடும்பம் ஒன்றில் ஆறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ஓட்டிசம் உண்டு. காலையும் இரவும் அவன் உண்பது அவித்த கோதுமை மாவைக் குழைத்து நீத்துப்பெட்டியில் அவித்த வெள்ளைப் பிட்டும் அதன்மேல் தூவிய சீனியும் மட்டுமே. சென்ற காலபோக அறுவடை வீட்டுக்கு வந்ததும், அவனுடைய அம்மம்மா புது நெல்லைக் குற்றுவித்து, அரிசியை இடித்து, மாவைப் பதமாக வறுத்துப் பேரனுக்கென்றே சிவப்பரிசிமாப் பிட்டு அவித்தார். வீடு முழுவதும் வறுத்த மாவின் வாசம் நிறைந்திருந்தது. பையன் கோப்பையை ஒரு தடவை பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வளவுக்கு ஓடிப்போனான். இரவு வரை வாயில் ஒன்றும் வைக்கவில்லை. மறுநாள் தாய் வழமையான கோதுமை மாவையே எடுத்தார். ஆனால் நீத்துப்பெட்டியின் ஓலை பிய்ந்திருந்தபடியால் குழலில் அவித்தார். அதையும் அவன் தொடவில்லை.

வீட்டாருக்கு மூன்றும் பிட்டுத்தான். பையனுக்கோ அவை மூன்று வெவ்வேறு பண்டங்கள். நீத்துப்பெட்டிப் பிட்டு உதிரியாக விழும். ஓலையின் மெல்லிய மணம் அதில் ஏறியிருக்கும். குழற்பிட்டு இறுகி, உருளையாக, இடையிடையே தேங்காய்ப்பூ அடுக்கோடு, சற்று ஈரமாக வந்து நிற்கும். சிவப்பரிசிமாப் பிட்டுக்கு நிறம் வேறு, மணம் வேறு, நாக்கில் படும் சொரசொரப்பு வேறு. நாம் பெயரைக் கொண்டு உணவை இனங்காண்கிறோம். அவன் நிறத்தையும் மணத்தையும் பதத்தையும் கொண்டு இனங்காண்கிறான். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தை விளங்கிக்கொள்வதற்கு இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் அதன் பின்னே வந்துவிடும்.

ஓட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சியில் பிறப்புக்கு முன்பிருந்தே அமையும் ஒரு வேறுபாடு. மற்றவர்களோடு தொடர்பாடுவதிலும் பழகுவதிலும் உள்ள வித்தியாசம், ஒரே செயலையும் ஒரே ஒழுங்கையும் திரும்பத் திரும்ப நாடும் இயல்பு, ஒலி, ஒளி, தொடுகை, மணம், சுவை ஆகியவற்றை மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணரும் தன்மை ஆகியவை அதன் அடையாளங்கள். தாய் கர்ப்பகாலத்தில் எதையோ உண்டதாலோ, பிள்ளைக்கு எதையோ கொடுக்காமல் விட்டதாலோ இது வருவதில்லை. 1943 இல் லியோ கனர் என்ற மருத்துவர் 11 சிறுவர்களைப் பற்றி எழுதிய பிறகுதான் ஓட்டிசம் ஒரு தனி நிலையாகப் பரவலாக அறியப்பட்டது. அவர்களில் பலருக்குச் சிசுப் பருவத்திலிருந்தே உணவூட்டுவது பெரும்பாடாக இருந்ததை அவர் அப்போதே குறித்து வைத்தார். அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட, உளநலப் பிரச்சினைகளை இனங்காண்பதற்கான கையேட்டின் 5 ஆம் பதிப்பு, புலன்களின் இந்த மிகையையும் குறைவையும் ஓட்டிசத்தின் அளவுகோல்களுள் ஒன்றாகச் சேர்த்தது. மாற்றத்தை ஏற்காத இயல்புக்கு உதாரணமாக ‘ஒவ்வொரு நாளும் ஒரே உணவை உண்ண வேண்டும்’ என்பதையும் அது சொல்கிறது. முன்னைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2013 இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, ஓட்டிசம் உள்ள சிறுவர்களுக்கு உணவுச் சிக்கல் ஏற்படும் வாய்ப்பு மற்றச் சிறுவர்களைவிட ஐந்து மடங்கு என்று கண்டது. 2019 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் ஓட்டிசம் உள்ள சிறுவர்களில் ஏறத்தாழ 70 வீதமானோரிடம் வழமைக்கு மாறான உணவுப் பழக்கங்கள் காணப்பட்டன. மற்றச் சிறுவர்களில் அது 5 வீதம் அளவில்தான் இருந்தது. ஆகவே ‘செல்லம் கொடுத்துப் பழுதாக்கின பிள்ளை’ என்ற ஊர்ப் பேச்சு இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை பிழையானது.

பிள்ளையின் நாக்குக்கு என்ன நடக்கிறது என்பதை நம்முடைய கறிகளைக் கொண்டே பார்க்கலாம். வெண்டிக்காயின் வழுவழுப்பு நமக்குப் பழகிப்போனது. புலன் கூர்மை மிகுந்த பிள்ளைக்கு அது வாய்க்குள் நத்தை ஊர்வதைப் போலிருக்கலாம். கத்தரிக்காய் ஒரு நாள் கயர்க்கும், ஒரு நாள் விதை கடிபடும், ஒரு நாள் வெண்ணெயாகக் கரையும். மாம்பழம் ஒன்று இனித்தால் அடுத்தது புளிக்கும். சொதியில் மிதக்கும் ஒற்றைக் கறிவேப்பிலை முழுச் சோற்றையும் கெடுத்துவிடும். பிஸ்கற் பக்கற்றிலோ இருபது பிஸ்கற்றும் ஒரே நிறம், ஒரே மொறுமொறுப்பு, ஒரே இனிப்பு. இன்றைக்கும் அதேதான், அடுத்த வருடமும் அதேதான். வெள்ளை நிறமானவை, மாப்பொருள் நிறைந்தவை, மொறுமொறுப்பானவை ஆகியவற்றை இப்பிள்ளைகள் நாடுவதற்கு இனிப்பாசையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அவை ஏமாற்றாத உணவுகள். பக்கற்றின் நிறத்தை நிறுவனம் மாற்றிவிட்டால் உள்ளே இருக்கும் அதே பிஸ்கற்றைப் பிள்ளை மறுப்பதும் இதனால்தான். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மாருள், ஒரே ஒரு வகைப் பால்மாவை மட்டும் குடிக்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு திரும்பும் வசதிகூட இருக்கவில்லை.

இங்கே நம் வீடுகளுக்கே உரிய ஒரு வழக்கத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். சோற்றையும் பருப்பையும் மீனையும் கீரையையும் ஒன்றாகக் குழைத்து, உருட்டி, பிள்ளையின் வாயில் தீத்துவது நமது பாசத்தின் வடிவம். அம்மம்மாவின் கையால் குழைத்த சோற்றுக்கு ஈடு எதுவும் இல்லை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் குழைத்த கவளத்துக்குள் என்ன இருக்கிறதென்று பிள்ளையால் பார்க்க முடியாது. ஒரு கவளத்தில் பருப்பு மாத்திரம் இருக்கும், அடுத்ததில் மீன் செதிலொன்று அகப்படும், மூன்றாவதில் மிளகாய் விதை உறைக்கும். ஒவ்வொரு வாயும் ஒரு பரீட்சை. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சோற்றை வேறாகவும் கறியை வேறாகவும், ஒன்றோடொன்று முட்டாமல், முடிந்தால் பிரிவுகள் உள்ள கோப்பையில் வைத்துக் கொடுத்துப் பார்த்தால், அதுவரை ‘கறியே தின்னமாட்டான்’ என்று சொல்லப்பட்ட பிள்ளை வறுத்த உருளைக்கிழங்கை மட்டுமாவது எடுப்பதைக் காணலாம். கை படாமல் கரண்டியால் தானே உண்ண விரும்பும் பிள்ளையும் உண்டு. விரலில் பிசுபிசுப்பு ஒட்டுவதை அதனால் பொறுக்க முடியாது என்பதே காரணமாக இருக்கலாம்.

‘பசிச்சால் தானா வந்து தின்னும்’ என்பது அடுத்ததாகக் கிடைக்கும் ஆலோசனை. மற்றப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு வயிற்றிலிருந்து வரும் பசிச் சைகையே தெளிவாக எட்டுவதில்லை; தாகமும் மலம் கழிக்க வேண்டிய உணர்வும்கூட அப்படியே. பசியைப் பசியென்று அறியாமல் எரிச்சலாகவும் அழுகையாகவும் மட்டும் உணரும் பிள்ளையைப் பட்டினி போட்டுப் பணியவைக்க எண்ணுவது ஆபத்தானது. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து உடலில் நீர் வற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் நிலை உண்மையிலேயே வரலாம்.

உணவை மறுப்பதற்கு உடல்சார்ந்த காரணங்களும் இருக்கலாம் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். சூத்தைப் பல், வாய்ப்புண், நெஞ்செரிவு, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை கோப்பையைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். ஓட்டிசம் உள்ள சிறுவர்களிடம் வயிறு, குடல் சார்ந்த தொல்லைகள் மற்றவர்களைவிட நான்கு மடங்கு கூடுதலாகக் காணப்படுவதாக 2014 இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று கூறுகிறது. நாலைந்து நாளுக்கு ஒரு தடவை மட்டும் மலம் கழிக்கும் பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? மெல்லுவதற்கான தாடைப் பலமும் நாக்கின் ஒருங்கிணைவும் போதாத பிள்ளை இறைச்சியை ஒதுக்கி மாப்பண்டங்களை நாடுவதும் இயல்பு. எனவே பிடிவாதம் என்று தீர்மானிப்பதற்கு முன் பல்லையும் வயிற்றையும் வைத்தியர் ஒருவர் பார்த்துவிடுவது நல்லது.

இனி வீட்டுக்கு வருவோம். ஒரு பிள்ளையின் கோப்பை முழு வீட்டின் சமையலையும் மாற்றிவிடும். தாய் இரண்டு உலை வைக்கிறார். மீன் பொரிக்கும் மணத்துக்குப் பிள்ளை குமட்டுவதால் வீட்டில் மீன் குறைகிறது. முல்லைத்தீவுக் கடல் பக்கத்தில் இருந்தும் தமக்கைக்கும் தம்பிக்கும் மீன் கிடைப்பதில்லை. ‘அவனுக்கு மட்டும் ஏன் பிஸ்கற்?’ என்று சகோதரர்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி, அதற்கு மறைக்காமல் விடை சொல்ல வேண்டும். எல்லோரும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு மூலையில் சாப்பிட்டு முடிக்க, கடைசியில் ஆறிய சோற்றோடு நிற்பவர் தாய்தான். வீட்டின் ஊட்டக் கணக்கில் அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

வன்னியில் இதற்கு இன்னொரு பாரமும் உண்டு. 2009 இல் முள்ளிவாய்க்காலில் உப்பும் நீரும் சேர்ந்த கஞ்சிக்கு வரிசையில் நின்று பிள்ளைகளைக் காத்தவர்கள்தான் இன்றைய அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும். ஆண்டுதோறும் மே மாதத்தில் அந்தக் கஞ்சி இன்றும் காய்ச்சப்படுகிறது. பசியை அப்படி அறிந்த ஒருவர், நிறைந்த கோப்பையைப் பேரப்பிள்ளை தள்ளிவிடுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது இலகுவான காரியமன்று. ‘ஒரு வாய் ராசா, அம்மம்மாவுக்காண்டி ஒரே ஒரு வாய்’ என்ற கெஞ்சலும், அது பலிக்காதபோது மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைக்கும் பலவந்தமும் ஒரே பயத்திலிருந்து பிறக்கின்றன. அந்தப் பயத்தை மதித்துக்கொண்டே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: பலவந்தமாகத் தீத்திய உணவு புரையேறக் கூடும், அதைவிட, அந்த உணவும் அந்தப் பாயும் அந்தக் கையும் பிள்ளைக்குப் பயத்தின் அடையாளங்களாக மாறிவிடும். முதியவர்களிடம் ‘நீங்கள் செய்வது பிழை’ என்று வாதாடுவதைவிட, பிள்ளையின் பிட்டுக்குத் தேங்காய் துருவும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்து, அவனுக்கருகில் இருந்து தம்முடைய சாப்பாட்டை அவர்கள் உண்ணும்படி கேட்டுக்கொள்வது பலன் தரும் என்று நான் நினைக்கிறேன்.

கைத்தொலைபேசியில் கார்ட்டூன் காட்டித் தீத்துவதைப் பற்றியும் கேட்கிறார்கள். திரையில் ஆழ்ந்த பிள்ளை வாயைத் திறக்கும், விழுங்கும். எதை உண்டதென்று அறியாது. அன்றைக்கு வயிறு நிறையும், உணவோடு பழக்கம் ஏற்படாது. சட்டென நிறுத்தினால் பிள்ளை முழுவதுமாகச் சாப்பாட்டை விட்டுவிடலாமென்பதால், ஒரு வேளையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை.

மாற்றத்தைத் தொடங்கும் இடம் பிள்ளை ஏற்கெனவே உண்ணும் உணவு. முதலில் ஒரு கொப்பியில், பிள்ளை எவற்றை உண்கிறது, எந்த நிறத்தில், எந்தச் சூட்டில், எந்தக் கோப்பையில் என்று ஒரு வாரம் எழுதிப் பார்க்க வேண்டும். பட்டியலில் ஓர் ஒழுங்கு தெரியும். ரஸ்க், முறுக்கு, கச்சான் என்று வந்தால் அது மொறுமொறுப்பை நாடும் பிள்ளை. அதற்கு அவித்த கீரையைக் காட்டுவதைவிட மொறுமொறுவென்று பொரித்த நெத்தலியைக் காட்டுவது பொருத்தம். (நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக் கச்சான் கொடுக்கக் கூடாது; அது தொண்டையில் சிக்கும். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது.) பிறகு, தெரிந்த உணவிலிருந்து தெரியாத உணவுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு தன்மையை மட்டும் மாற்றிச் செல்ல வேண்டும். நிறத்தை மாற்றினால் பதத்தை மாற்றக் கூடாது. பதத்தை மாற்றினால் கோப்பையை மாற்றக் கூடாது.

புதிய உணவை உண்ண வைப்பது முதற்படியன்று. அது கடைசிப் படி. அது பாயின் மறு அந்தத்தில் இருப்பதைப் பிள்ளை பொறுத்துக்கொள்வதே முதற்படி. அடுத்து, பக்கத்தில் ஒரு சிறு தட்டில் இருப்பது. பிறகு விரலால் தொடுவது, மணப்பது, உதட்டில் படவிடுவது, நக்குவது, கடித்துத் துப்புவது. துப்புவதற்கு அனுமதி இருக்கிறதென்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து கடிக்கும். சாதாரண பிள்ளைகளே புதிய உணவொன்றை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து தடவைகள் அதைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. இப்பிள்ளைகளுக்கு அதைவிடப் பல மடங்கு தேவைப்படலாம். மாவில் கை வைத்து அளைவது, முருங்கையிலை உருவுவது, பயற்றங்காய் முறிப்பது ஆகியவை விளையாட்டாகத் தோன்றினாலும் இந்தப் படிகளில் சேர்ந்தவையே. ஒவ்வொரு வேளையும் பிள்ளை நம்பி உண்ணும் உணவொன்று கோப்பையில் கட்டாயம் இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் 20 முதல் 30 நிமிடத்தோடு முடிய வேண்டும். இரண்டு வேளைக்கிடையே பிஸ்கற்றும் பாலும் ஓயாமல் கொடுக்காமல் இரண்டரை, மூன்று மணித்தியால இடைவெளியும் தண்ணீரும் மட்டும் விட வேண்டும். பாயில் அமர்ந்து உண்ணும் வீடாயின், பிள்ளையின் முதுகு சுவரில் சாயும்படி இருத்தினால் அலைச்சல் குறையும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. இரும்புச்சத்துப் பாணியையோ மருந்தையோ பிள்ளை நம்பிக் குடிக்கும் பாலில் களவாகக் கலக்கக் கூடாது. ஒரு தடவை நாக்கு கண்டுபிடித்துவிட்டால் பாலும் போய்விடும். ஐந்து உணவு உண்ணும் பிள்ளைக்கு ஒன்றை இழப்பது ஐந்திலொன்றை இழப்பதாகும்.

ஊட்டத்தைப் பொறுத்தவரை, மேலே குறிப்பிட்ட 2013 பகுப்பாய்வு இப்பிள்ளைகளுக்குப் புரதமும் கல்சியமும் குறைவாகவே கிடைப்பதைக் காட்டியது. பிள்ளை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் இந்தக் குறை இருக்கலாம். குரக்கன் மா 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. எள்ளிலும் முள்ளோடு உண்ணும் நெத்தலியிலும் முருங்கையிலையிலும் அது நிறைய இருக்கிறது. பால் மட்டும் குடித்து வயிற்றை நிரப்பும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லீற்றருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மிகுந்த பால் வேறு உணவுக்கு இடமில்லாமல் செய்வதோடு இரத்தச்சோகைக்கும் வழிவிடும். குடும்ப நல உத்தியோகத்தர் நிறுத்துக் குறிக்கும் வளர்ச்சிப் பதிவேட்டின் கோடுதான் வீட்டில் உள்ள மிக நம்பகமான சாட்சி. ‘இண்டைக்கு எத்தனை வாய்’ என்ற கணக்கை விட்டுவிட்டு, மாதந்தோறும் அந்தக் கோடு மேலே போகிறதா என்று பார்ப்பது வீட்டின் பதற்றத்தைப் பாதியாகக் குறைக்கும்.

கோடு தட்டையானாலோ கீழே இறங்கினாலோ, உண்ணும் உணவுகளின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் சுருங்கினாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ காத்திருக்கக் கூடாது. நடக்க மறுக்கும் கால்வலியும் முரசில் இரத்தக் கசிவும் உயிர்ச்சத்து சி குறைவின் அடையாளங்களாக இருக்கலாம். பழமும் மரக்கறியும் அறவே உண்ணாத ஓட்டிசப் பிள்ளைகளிடம் இந்நோய் இக்காலத்திலும் பதிவாகியிருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் தடுமாறுவது உயிர்ச்சத்து ஏ குறைவைக் காட்டலாம். மண், சுவர்க்காரை, கரி, காகிதம் போன்றவற்றைத் தின்னும் பிள்ளைக்கு இரத்தச்சோகை, பூச்சித்தொல்லை இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சிறுவர் சிகிச்சை நிலையத்தில் தொடங்கி, அங்கிருந்து குழந்தை வைத்திய நிபுணரிடமும், விழுங்குவதிலும் மெல்லுவதிலும் சிக்கல் இருந்தால் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடமும் கடிதம் வாங்கிச் செல்லலாம்.

கோதுமையையும் பாலையும் அடியோடு நிறுத்தினால் ஓட்டிசம் குணமாகும் என்ற பத்தியமும் இப்போது கைத்தொலைபேசி வழியே வன்னி வரை வந்துவிட்டது. மருத்துவ ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2008 இல் வெளியிட்ட மீளாய்வு, அதை ஆதரிக்கப் போதிய சான்று இல்லை என்றது. கோதுமை மாப் பிட்டையும் பாலையும் மட்டும் நம்பி வாழும் பிள்ளையிடமிருந்து அவற்றைப் பறித்தால் மீதி என்ன இருக்கும் என்பதைப் பத்தியம் சொல்பவர்கள் சொல்வதில்லை. பரிசோதனையில் ஒவ்வாமை உறுதியானால் அது வேறு விடயம்.

வீட்டுக்கு வெளியே கதை இன்னும் கடினம். வற்றாப்பளை அம்மன் பொங்கல் நெரிசலிலும் கலியாண வீட்டு ஒலிபெருக்கிச் சத்தத்திலும், வீட்டில் உண்ணும் உணவைக்கூடப் பிள்ளை மறுக்கும். புலன்கள் ஏற்கெனவே நிரம்பி வழிகின்றன. புறப்படுவதற்கு முன் வீட்டில் உண்ணக் கொடுத்துவிட்டு, அவனது பெட்டியில் அவனது உணவைக் கட்டிக்கொண்டு போவதே வழி. ‘பிள்ளைக்கு ஒண்டும் குடுக்கேல்லையோ?’ என்று கேட்கும் மாமிக்கு, ‘அவன் சாப்பிட்டிட்டான் மாமி’ என்ற ஒரு வரி போதும். பாடசாலையில் கொடுக்கும் உணவைத் தொடாத பிள்ளைக்கு வீட்டுப் பெட்டியைத் திறக்க அனுமதிக்கும்படி வகுப்பாசிரியரிடம் முதல் வாரத்திலேயே பேசிவிட வேண்டும்.

இரணைமடுப் பையனின் தாய் பங்குனியில் மறுபடி தொடங்கினார். ஒரு சுண்டு அவித்த கோதுமை மாவுக்கு ஒரு தேக்கரண்டி சிவப்பரிசி மா. அதே நீத்துப்பெட்டி, அதே கோப்பை, அதே சீனி. நிறம் மாறியது கண்ணுக்கே தெரியவில்லை. அவன் மணந்து பார்த்தான், உண்டான். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு கரண்டி கூட்டினார். ஒரு தடவை அவசரப்பட்டு இரண்டு கரண்டி கூட்டியபோது கோப்பை திரும்பி வந்தது, பழைய அளவுக்குப் போனார். ஐப்பசி வரும்போது மாவில் மூன்றிலொரு பங்கு அம்மம்மாவின் அரிசி மாவாக இருந்தது. குழற்பிட்டை மட்டும் அவன் இன்றுவரை பிட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. குசினிச் சுவரில் இப்போது மூன்று நீத்துப்பெட்டிகள் தொங்குகின்றன. ஒன்று பாவனைக்கு, இரண்டு கைகாவலுக்கு.